ஊதாத் துணிக்குள் இருந்த கை

என் வயசுக்காரர்களே, உங்களுக்கு நினைவிருக்கிறதா? தவக்காலத்தின் கடைசி இரண்டு வாரம் கோயிலில் இருக்கிற சுரூபங்களை எல்லாம் ஊதாத் துணி போட்டு மூடிவிடுவார்கள். மாதா, சூசையப்பர், அந்தோணியார், திரு இருதய ஆண்டவர், ஒருவர் விடாமல். இப்போது பல கோயில்களில் அந்த வழக்கமே இல்லை. நம் பிள்ளைகளிடம் சொன்னால் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல் "அப்படியா" என்கிறார்கள். நாம் அப்படியில்லை. நாம் பயந்தோம். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றும்போது அந்தத் துணி முகத்தோடு ஒட்டி, வாய் இருக்கும் இடத்தில் சின்னக் குழி விழும். பிறகு உப்பும். மறுபடி குழி விழும். பூசை முழுக்க நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

துணிக்குள்ளே ஆண்டவர் என்ன செய்கிறார் என்று நமக்குள் இரண்டு கட்சி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டிருப்பார், அந்த இரண்டு வாரம் நாம் எது செய்தாலும் அவருக்குத் தெரியாது என்றது ஒன்று. உள்ளேயிருந்து அவர் நம்மைப் பார்ப்பார், நமக்குத்தான் அவர் தெரிய மாட்டார் என்றது இன்னொன்று. நான் இரண்டையும் நம்பினேன். எந்த நாளுக்கு எது வசதியோ அது.

எங்கள் கோயிலில் அந்தத் துணிகளைத் தைத்து, மாட்டி, கட்டிவிடுவது என் பெரியம்மா. அம்மாவின் அக்கா. எங்கள் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டுக்கொண்டு தெருவுக்கே ரவிக்கை தைத்தார். தம்பி பிறந்த நாளிலிருந்து நான் பெரியம்மா பக்கத்தில்தான் படுத்தேன். ஜுரம் வந்தால் அவர் மடி, பள்ளிக்கூடத்தில் கையெழுத்து வேண்டுமென்றால் அவர் கை. அம்மாவை நான் அம்மா என்று கூப்பிட்டேன், அவ்வளவுதான்.

சுரூபத்தின் தலையிலிருந்து பீடம் வரை விழுகிற மாதிரி பை போல ஒரு உறை. பின்பக்கம் முழுக்கத் திறந்திருக்கும். அங்கே இரண்டு ஜோடி நாடா வைத்து முடிச்சுப் போடுவார். ஒரு காது, ஒரு வால். இழுத்தால் அவிழும், இல்லாவிட்டால் அவிழாது. எனக்கும் சொல்லிக்கொடுத்தார். நான் பீச்சாங்கைக்காரி. எனக்கு அது நேராக வராது. "ஏன்டி எல்லாத்தையும் தலைகீழாவே செய்ற" என்று சிரிப்பார்.

அந்த வருஷம், 2002 என்று நினைக்கிறேன், அதற்கு ஒன்று முன்பின் இருக்கலாம், எனக்குப் பத்து வயது. தவக்காலத்து முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. சாம்பல் நிறக் கோட்டும் கையில் ஒரு பிஸ்கோத்து டப்பாவுமாக ஒரு நெட்டை மனிதர் இறங்கினார். அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "மாமா" என்றாள். அவள் குரலே மாறியிருந்தது.

அவர்தான் பெரியப்பா. பிரான்ஸில் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை நம் ஊரில் அப்படித்தான் சொல்வோம் என்பது உங்களுக்குத் தெரியும். பெரியம்மாவைக் கட்டி ஒரு வருஷம் இங்கே இருந்துவிட்டு, பேப்பர் அனுப்புகிறேன், வந்துவிடு என்று சொல்லிப் போனவர். பேப்பர் வரவில்லை. அங்கே வேறு பெண்ணோடு குடும்பமாக இருக்கிறார் என்ற செய்திதான் வந்தது. பதினெட்டு வருஷம் கழித்து ஆளே வந்து நிற்கிறார்.

பெரியம்மா மிஷினை நிறுத்தவில்லை. பெரியப்பா நிலைப்படிக்கு உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால் வைத்து நின்றார்.

"நான் செஞ்சது துரோகம். எனக்குத் தெரியுது. மன்னிச்சுடு. என்னோட வந்துடு" என்றார்.

மிஷின் ஓடியது. தையல் முடிந்ததும் பெரியம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"என்கிட்ட ஏன் சொல்றீங்க? எவரு முன்னாடி தாலி கட்டினீங்களோ அவருகிட்டப் போய்ச் சொல்லுங்க. அவரு மன்னிச்சா, வேணான்னு சொல்ல நான் யாரு?"

அப்பா சமாதானமாக, "அவரு மன்னிச்சாரான்னு நமக்கு எப்படி அண்ணி தெரியும்?" என்றார்.

"உயிர்த்த ஞாயிறு பாஸ்கு வரைக்கும் திரு இருதய ஆண்டவர் முன்னாடி முட்டி போடட்டும். துணி எடுக்கற அன்னிக்கு அவரு முகத்தைப் பாத்துட்டு நான் பதில் சொல்றேன்."

பெரியப்பா சரி என்று தலையாட்டினார். பிஸ்கோத்து டப்பாவை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் என்னிடம் கொடுத்தார். நீல நிறத் தகர டப்பா. மூடியில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண், கையில் கூடை. "மெர்சி சொல்லு" என்றாள் அம்மா. நான் நன்றி சொல்லவில்லை.

அவர் அரியாங்குப்பத்தில் ஒரு அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டார். காலைப் பூசைக்கு வந்துவிடுவார். பூசை முடிந்து எல்லாரும் போன பிறகும் திரு இருதய ஆண்டவர் பீடத்தின் முன்னால் வெறும் தரையில் முழங்காலில் நிற்பார். மத்தியானம் சாப்பிடப் போவார், மூன்று மணிக்குத் திரும்பி வருவார். முழங்கால் வீங்கியது. கோயில் கூட்டுகிற பெண்கள் முதலில் கேலி செய்தார்கள், பிறகு அவருக்காகத் தரையைத் துடைத்துக் கொடுத்தார்கள். பெரியம்மா அவரைக் கடந்து போவார், வருவார். ஆனால் ஒருநாள் இரும்புப் பெட்டியிலிருந்து கல்யாணப் புடவையை எடுத்து மாடிக் கொடியில் வெயிலுக்குப் போட்டார்.

அதைப் பார்த்ததும் அம்மாவிடம் ஓடினேன்.

"பெரிம்மா பிரான்சுக்குப் போயிடுவாங்களா?"

"புருஷன் வந்து கூப்பிட்டா போகாம? உனக்கு வயசாவுதுல்ல, தனியாப் படுத்துக்கப் பழகு."

அம்மாவுக்கு அதில் சந்தோஷம். அக்காவின் வாழ்க்கை சரியாகப் போகிறதே என்ற சந்தோஷம். என் முகத்தைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. இப்போது நானும் ஒரு பெண்ணை வளர்க்கிறேன், நானும் எத்தனை தடவை பார்க்காமல் விட்டேனோ.

குருத்தோலை ஞாயிறு முடிந்த புதன்கிழமை. அரைநாள் பரீட்சை. பன்னிரண்டரைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குப் போகாமல் கோயிலுக்குப் போனேன். நம் ஊர் பங்குனி வெயில் தெரியும்தானே, காக்காய் கூடக் கத்தாது. பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. இரண்டு பக்கமும் ஊதா உருவங்கள் வரிசையாக நின்றன. மூடியிருக்கும்போது எல்லாருமே ஒரே உயரமாகத் தெரிவார்கள், கவனித்திருக்கிறீர்களா? யார் மாதா, யார் அந்தோணியார் என்று இடத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். அதுவும் ஒரு நொடி எனக்குக் குழம்பிவிட்டது.

திரு இருதய ஆண்டவர் பீடத்தின் பின்னால் ஏறினேன். சுரூபம் என் இடுப்பு உயரம்தான் இருக்கும். நாடாக்களை அவிழ்த்துத் துணியைத் தூக்கி, முட்டி போட்டபடி தலையை உள்ளே விட்டு முன்பக்கம் வந்தேன். உள்ளே எல்லாம் ஊதா வெளிச்சம். பழைய மெழுகு வாசனை, வாடின மல்லிகை வாசனை. நானும் ஆண்டவரும் ஒரே துணிக்குள் இருந்தோம். அவர் கண் மூடியிருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். திறந்திருந்தது. நேராக என்னைப் பார்த்தார்.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. வந்த காரியத்தைச் சொன்னேன்.

"ஆண்டவரே, பெரிப்பாவை மன்னிக்காதீங்க. அவரு கெட்டவரு. பெரிம்மாவை இட்டுக்கினு போயிடுவாரு. மன்னிக்காதீங்க."

அவருடைய ஒரு கை நெஞ்சில் இருதயத்தைக் காட்டியது. வலது கை ஆசீர்வாதம் கொடுக்க மேலே தூக்கியிருந்தது. இரண்டு விரலும் கட்டைவிரலும் நீட்டி, மற்ற இரண்டும் மடக்கி. அந்தக் கையைத்தான் நான் பிடித்தேன். "இறக்குங்க" என்று சொல்லிக் கீழே இழுத்தேன். கை வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் காலத்துச் சுண்ணாம்பு அப்படித்தான் இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது தெரியாது.

டொக்கென்று ஒரு சத்தம். சாக்பீஸ் உடைகிற சத்தத்தைவிடக் கொஞ்சம் பெரிது. மணிக்கட்டோடு கை என் கையில் இருந்தது.

எப்படி வெளியே வந்தேன், எப்படி நாடாவைக் கட்டினேன் என்று தெரியவில்லை. உதிர்ந்த தூளைப் பாவாடையால் துடைத்தேன். கையைப் பையில் போட்டேன். கதவருகே வந்து திரும்பிப் பார்த்தபோது, ஆண்டவரின் முகத்துத் துணியில் வாய் இருக்கும் இடத்தில் குழி விழுந்தது. பிறகு உப்பியது. அன்றைக்கு மின்விசிறி ஓடவில்லை. காற்று அடித்திருக்கும், பக்கக் கதவு திறந்துதானே இருந்தது என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

கையை எங்கே வைப்பது? பிஸ்கோத்து டப்பா காலியாகியிருந்தது. அதில் போட்டு, துணி அலமாரியில் என் பழைய கவுன்களுக்கு அடியில் தள்ளினேன். என் உள்ளங்கை நீளம்தான் இருக்கும். ஒடிந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று எலும்பு போல இருந்தது. வியாழக்கிழமை திறந்து பார்த்தேன். நீட்டின விரல்கள் என் பக்கம் இருந்தன. நான் போட்டபோது அந்தப் பக்கம் பார்த்துதான் போட்டேன். திருப்பி வைத்து மூடினேன். வெள்ளிக்கிழமை திறந்தேன். என் பக்கமே இருந்தது.

பெரிய வியாழன் சாயங்காலத்திலிருந்து கோயில் மணி அடிக்க மாட்டார்கள். பதிலுக்கு மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு தெருவில் போவார்கள். டொக், டொக். அந்தச் சத்தம் நான் உடைத்த சத்தம். பெரிய வெள்ளி முழுக்க தெருவில் ஒன்றும் அலமாரியில் ஒன்றுமாக எனக்கு இரண்டு கேட்டது. சாப்பிடாமல் இருந்தேன். "பாரு, பத்து வயசுல ஒருசந்தி இருக்குது" என்று அப்பா பக்கத்து வீட்டுக்காரரிடம் பெருமைப்பட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத் துணி எடுத்தார்கள். கோயில் கழுவ வந்த பெண்கள், கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார், அம்மா, அப்பா, பெரியம்மா, நான். பெரியப்பா வெள்ளைச் சட்டை போட்டு, முகம் மழித்து, முழங்காலில் நின்றார். பெரியம்மா மற்ற சுரூபங்களை எல்லாம் திறந்துவிட்டுக் கடைசியாகத் திரு இருதய ஆண்டவரிடம் வந்தார். தலையில் பூ வைத்திருந்தார். நான் பார்த்து அவர் பூ வைத்துக்கொண்டதே இல்லை.

பின்னால் போய்க் குனிந்தார். நாடாவைத் தொட்டதும் அவர் விரல் நின்றது. எண்ணினால் பத்து எண்ணலாம், அவ்வளவு நேரம். செபம் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு இழுத்தார். துணி சரிந்து விழுந்தது.

கூட்டுகிற பெண்களில் ஒருத்திதான் முதலில் கத்தினாள். "ஐயோ, ஆண்டவரு கையைக் காணோம்!"

உபதேசியார் பீடத்தில் தேடினார், கீழே தேடினார், துணியை உதறினார். ஒரு துண்டு கூட இல்லை. "யாரோ துணியை அவுத்திருக்காங்க" என்றார்.

பெரியம்மா நிமிர்ந்தார். முகம் வெளுத்திருந்தது. எல்லாரையும் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு நாடாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"யாரும் அவுக்கல. நான் போட்ட முடிச்சு நான் போட்டபடியே இருந்துச்சு."

அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கட்டின துணிக்குள், முடிச்சு அவிழாமல், துண்டு விழாமல், ஆசீர்வதிக்கிற கை மட்டும் இல்லை. அதுவும் அந்த மனிதர் நாற்பது நாளாக முட்டி போட்ட பீடத்தில். பெண்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். முடிச்சை வைத்து ஆண்டவரின் தீர்ப்பைச் சொல்ல நம் ஆட்களால்தான் முடியும்.

பெரியப்பா வெகுநேரம் அந்த மொட்டைக் கையைப் பார்த்தார். பிறகு சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தார். எழுந்திருக்க அவருக்குக் கஷ்டமாக இருந்தது, ஒருவரும் கைகொடுக்கவில்லை. "ஸே ஜுஸ்த்" என்றார். பிறகு நமக்குப் புரியட்டும் என்று தமிழிலும் சொன்னார். "நியாயந்தான்."

பெரியம்மா தலையிலிருந்த பூவை எடுத்துப் பீடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து மிஷினில் உட்கார்ந்தார். அன்றிரவு பாஸ்குப் பூசைக்கு அவர் வரவில்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது. பெரியம்மா பக்கத்தில் படுத்து நான் அழுதேன், ஏன் என்று அவரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பெரியப்பா கோயிலுக்கு உள்ளே வரவில்லை. ஆனால் தினமும் வந்தார். பெரிய கதவுக்கு வெளியே, கடைசிப் படியில் முட்டி போட்டார். பூசையில் நற்கருணை நன்மை வாங்கவும் உள்ளே வரமாட்டார். எங்கள் கோயில் கதவு மேற்கே பார்த்தது. சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் அவருடைய நிழல் கதவைத் தாண்டி உள்ளே வரும். நடுப்பாதையில் நீண்டு நீண்டு, ஐந்தரை மணிக்கு அதன் தலை திரு இருதய ஆண்டவர் பீடத்தைத் தொடும். ஆள் உள்ளே வரவில்லை, நிழல் வந்தது. செபமாலைக்கும் சாயங்காலப் பூசைக்கும் போகிற பெண்கள் அந்த நிழலை மிதிக்காமல் சுற்றிப் போனார்கள். மரியாதைக்கா, அருவருப்புக்கா, எனக்குத் தெரியவில்லை. நானும் மிதிக்கவில்லை.

பங்குச் சாமியார், "பழைய சுண்ணாம்புப் பொம்மை, வெயிலுக்கு வெடிச்சிருக்கும்" என்று சொல்லிப் பார்த்தார். "துண்டு எங்க போச்சு சாமி?" என்று உபதேசியார் கேட்டார்.

மே மாதத்தில் எனக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நன்மை வாங்குகிற நாள். அதற்கு முந்தின நாள் முதல் பாவசங்கீர்த்தனம். உங்களில் சிலரும் அன்று என்னோடு வரிசையில் நின்றீர்கள். பாவங்களைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு ஒருவர் சீட்டைப் பார்த்து ஒருவர் எழுதினோம். கீழ்ப்படியாமை மூன்று தடவை, பொய் ஐந்து தடவை. நான் சீட்டில் எதுவும் எழுதவில்லை.

கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியாரின் காது மட்டும் தெரிந்தது. மனப்பாடம் செய்ததை ஒப்பித்துவிட்டு, "ஆண்டவரு கையை நான்தான் உடைச்சேன்" என்றேன்.

காது அசையவில்லை. "எந்த ஆண்டவர்?"

எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிக்காதீங்க என்று கேட்டதையும் சொன்னேன். மூச்சு மட்டும் கேட்டது.

"ஏம்மா, அந்த மனுஷன் வெளியில வெயில்ல நிக்கறாரே, பாத்தியா?"

"பாத்தேன் சாமி. நீங்க அவருகிட்ட சொல்லிடுங்க."

"நான் சொல்ல முடியாது. இங்க கேட்டதை நான் செத்தாலும் வெளியில சொல்லக் கூடாது. உன் பெரியம்மாகிட்டயும் சொல்ல முடியாது, அவருகிட்டயும் முடியாது. ஆண்டவர் உன்னை மன்னிச்சிட்டாரு, அதுல சந்தேகமே வேணாம். ஆனா கை உன்கிட்டதான் இருக்குது. அதைக் கொண்டுபோய்க் குடுக்க உன்னாலதான் முடியும்."

மறுநாள் வெள்ளை கவுனும் முக்காடுமாகப் போட்டோ எடுத்தார்கள். என் தலைக்குப் பின்னால் மொட்டைக் கையோடு ஆண்டவர் நிற்கிறார். சாமியார் அன்றைய பிரசங்கத்தில் ஆண்டவர் கோபப்படத் தாமதிக்கிறவர், மன்னிக்க ஓடி வருகிறவர் என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார். என் பக்கமே திரும்பவில்லை. வாசலுக்கு வெளியே படியில் இருந்தவருக்கு அது கேட்டிருக்கும். அவர் அசையவில்லை. சாமியார் ஒன்றைத் தெரிந்துகொண்டு ஊர் முழுவதையும் பார்த்து வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. அந்த வருஷம் அவருக்குத் தலை நரைத்துப்போனதாக எனக்கு ஒரு நினைப்பு.

நான் உடனே போகவில்லை. இதைத்தான் இத்தனை வருஷமும் என்னால் விழுங்க முடியவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். ஜூன் போனது. ஜூலை பதினாலாம் தேதி, பிரான்ஸின் தேசிய நாளன்று, மற்ற சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு அணிவகுத்துப் போனார்கள், அவர் மட்டும் அன்றைக்கும் படியில் இருந்தார். செப்டம்பரில் ஒருநாள் நிழல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நெஞ்சில் சளி கட்டிப் படுத்திருக்கிறார் என்று அப்பா சொன்னார்.

அப்போதுதான் போனேன். பள்ளிக்கூடம் விட்டதும் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு டெம்போ ஏறினேன். பாலத்தைத் தாண்டும்போது ஆற்றுச் சேற்று வாசனை வந்தது. டெம்போ குலுங்கும்போதெல்லாம் மடியில் டொக், டொக். பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு பெண், "என்ன பாப்பா உள்ள, உயிரோட எதாவது வெச்சிருக்கியா?" என்று கேட்டாள்.

வீட்டுக்காரம்மா பின்பக்க அறையைக் காட்டினாள். பெரியப்பா கட்டிலில் இருந்தார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். கோட்டு ஆணியில் தொங்கியது, அதுதான் ஆள் மாதிரி இருந்தது. டப்பாவைப் பார்த்ததும் சிரித்தார். "பிஸ்கோத்து தீர்ந்துடுச்சா?"

மூடியைத் திறந்து காட்டினேன். சிரிப்பு நின்றது.

"நான்தான் உடைச்சேன் பெரிப்பா. துணியை அவுத்து உள்ள போய் இழுத்தேன். மறுபடி கட்டிட்டேன்."

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மெல்ல இல்லை என்று தலையாட்டினார்.

"உன் பெரிம்மா பாத்துட்டு சொன்னாளே, தான் போட்ட முடிச்சுன்னு."

"நான்தான் கட்டினேன் பெரிப்பா. சத்தியமா."

"அவ பொய் சொல்ற பொம்பளை இல்ல பாப்பா. அந்தக் கல்யாணத்துல பொய் சொன்ன ஆளு நான் ஒருத்தன்தான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எப்படிச் சொன்னால் நம்புவார்? இருக்கிறதிலேயே மோசமானதைச் சொன்னேன். "நீங்க வரக்கூடாதுன்னுதான் இழுத்தேன். உங்களை மன்னிக்காதீங்கன்னு கேட்டுக்கினேன்."

"கேட்டியா? அது நியாயந்தானே. யாரு கேட்டாலும் அதைத்தான் கேட்டிருப்பாங்க." அவர் கண்ணிலும் தண்ணீர். "என் பாவத்தை நீ உன் தலையில போட்டுக்கினு வந்து நிக்கறியா? எனக்காகவா? எந்தப் புள்ளை செய்யும் இப்படி?"

அவர் நம்பவே இல்லை. கையை டப்பாவிலிருந்து எடுத்தார். விரல்களைத் தடவினார். ஒடிந்த இடத்தைத் தடவினார். நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"எப்படி உன்கிட்ட வந்துச்சோ, யாரு குடுத்தாங்களோ, நான் கேக்க மாட்டேன். எடுத்தவரே குடுத்தனுப்பியிருக்காரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்." கண்ணை மூடிக்கொண்டார். "ஆசீர்வாதம் வராதுன்னு நெனச்சேன். கையே வந்துடுச்சி."

வெளியே வந்தபோது வெயில் இருந்தது, மழையும் பெய்தது. வீட்டில் கேட்டதற்கு ஸ்பெஷல் கிளாஸ் என்று சொன்னேன். அடுத்த பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரு பொய் சேர்ந்தது.

அக்டோபர் கடைசியில் அவர் இறந்துபோனார். கல்லறைத் திருநாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. முந்தின நாளே சாமியார் போய், கடைசி எண்ணெய் பூசி அவஸ்தைப்பூசுதல் கொடுத்து, நன்மையும் கொடுத்துவிட்டு வந்தாராம். பெட்டி கோயிலுக்கு வந்தது. ஏழு மாதம் கழித்து அவர் நடுப்பாதையில் உள்ளே வந்தார். மற்றவர்களுக்கு இரண்டு கையையும் சேர்த்துச் செபமாலை சுற்றுவார்கள். அவருடைய வலது கை இறுக மூடியிருந்தது. "பிரிக்கவே முடியல, விட்டுட்டோம்" என்றாள் வீட்டுக்காரம்மா. மூடின கையின் மேலேயே செபமாலையைச் சுற்றியிருந்தார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு துளி தெரிந்தது. எனக்கு மட்டும்தான் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

பெரியம்மா வந்திருந்தார். பெட்டி மூடுவதற்கு முன் ஒரு தடவை குனிந்து அந்த மூடின கையைப் பார்த்தார். ஏதோ சுட்டது போலப் பின்னால் நகர்ந்தார்.

அவ்வளவுதான் அந்த வருஷம். பிறகு கோயிலில் ஆண்டவருக்கு சிமெண்டில் புதுக் கை வைத்தார்கள். கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது, கை வீங்கினவர் மாதிரி நிற்கிறார். பிஸ்கோத்து டப்பா எங்கே போனது என்று தெரியவில்லை. எனக்கும் நெற்றியோரம் நரைக்கிறது. பெரியம்மா என்னோடு இருக்கிறார். மிஷின் இல்லை, கண் பார்வை பாதி இல்லை. ஆறு மாதமாகப் படுக்கைதான். பின்னால் நாடா வைத்த அங்கி ஒன்றை அவருக்காக நானே தைத்தேன்.

போன மாதம், தவக்காலம்தான், ஒருநாள் காலையில் குளிப்பாட்டி அங்கி போட்டு முதுகில் நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன். பெரியம்மா கையைப் பின்னால் விட்டு முடிச்சைத் தடவிப் பார்த்தார்.

"இன்னும் அப்படியேதான் கட்ற. காது அந்தப் பக்கம் விழுது."

"பீச்சாங்கைதானே பெரிம்மா. எனக்கு வேற எப்படி வரும்?"

அவர் கையை எடுக்கவில்லை. முடிச்சின் மேலேயே விரல் நின்றது. எண்ணினால் பத்து எண்ணலாம். அந்த நிற்றலை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

"அன்னிக்கும் காது அந்தப் பக்கந்தான் இருந்துச்சு" என்றார்.

அடுத்த நாடா என் கையிலேயே இருந்தது.

"தொட்டதும் தெரிஞ்சுபோச்சு, நீதான்னு. என் முடிச்சுன்னு சொன்னேன். உன்னைக் காப்பாத்தத்தான் சொன்னேன்னு இத்தினி வருஷம் எனக்கு நானே சொல்லிக்கினு இருந்தேன். அதுவும் பொய்டி. அவரோட போகலாம்னு சேலையைக் கூட வெயில்ல போட்டவ நான். அந்த மொட்டைக் கையைப் பாத்ததும் பதினெட்டு வருஷமும் ஒண்ணா எழும்புச்சு. வேணாம்னு சொல்ல எனக்கு வாய் இல்ல. ஆண்டவரு வாயால சொல்ல வெச்சேன்."

வெளியே தெருவில் காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார். பெரியம்மா சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"பொட்டியில கையை மூடிக்கினு படுத்திருந்தாரு, பாத்தியா? அந்த மூடின கை எனக்குத்தான். என் மேல இருந்த கோவம். அதை எடுத்துக்கினுதான் போனாரு. அங்க போயும் காட்டுவாரு, இவதான்னு."

இருபது வருஷத்துக்கு மேலாக அந்த மூடின கையை அவர் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, புதன்கிழமையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். துணிக்குள் நான் கேட்டதை, டப்பாவை, அரியாங்குப்பத்து அறையை, பெரியப்பா என்னை நம்பாமல் பெரியம்மாவை நம்பியதை. "அவ பொய் சொல்ற பொம்பளை இல்ல" என்று அவர் சொன்னதை மட்டும் மறைக்கலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். மறைக்கவில்லை. கடைசியில், மூடின கைக்குள் என்ன இருந்தது என்று சொன்னேன்.

பெரியம்மா அழவில்லை. தன் வலது கையை மூடிப் பார்த்தார். திறந்து பார்த்தார். மறுபடி மூடினார்.

"அப்ப ஆண்டவரு அவருக்கு மன்னிப்பைக் குடுத்துட்டாரு" என்றார்.

"குடுத்துட்டாரு பெரிம்மா."

"உனக்கு?"

"அந்த மே மாசமே."

மூடின கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். பிறகு, "சாமியாரை வரச் சொல்லு" என்றார். "நான் ஒருத்திதான் பாக்கி."